அஞ்சலையம்மாவை இளைக்க வைத்த வருஷம்

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், விழுப்புரத்தில் உணவியல் படிக்கும் பெண்கள் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்களுடைய கல்லூரிக்குப் புதிதாக ஒரு இயந்திரம் வந்திருந்தது. வெறுங்காலோடு ஏறி நின்று கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டால், உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று தனித்தனியாகச் சீட்டில் அடித்துக் கொடுத்துவிடுகிறது. என்னையும் ஏற்றிப் பார்த்தார்கள். வயதுக்குப் பரவாயில்லை என்றது. பேச்சு முடிந்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, “மேடம், உங்க சர்வீஸ்ல கொழுப்பு மட்டும் கரைஞ்சு தசை அப்படியே நின்ன பெஸ்ட் கேஸ் எது?” என்று கேட்டாள்.

எனக்கு உடனே ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. அந்தக் கூட்டத்தில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. கோட்டக்குப்பம் காதர் பாயைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அவரும் நன்றாகத் தேறியவர்தான். ஆனால் அந்தப் பெண் கேட்டதற்கு அது பதில் இல்லை.

நான் திண்டிவனத்துக்காரி. எங்கள் வீடு ஓமந்தூர் போகிற வழியில், மாதா கோயிலை ஒட்டிய தெருவில் இருந்தது. அந்தத் தெருவில் பெண் பிள்ளை படித்தால் நர்ஸ், இல்லாவிட்டால் டீச்சர். எனக்கு நர்சிங்கில் இடம் கிடைக்கவில்லை என்பதால் ஹோம் சயின்ஸ் படித்தேன். பிறகு சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையல்கட்டில் பயிற்சி. உப்பில்லாத சாப்பாடு, சர்க்கரை நோய்ச் சாப்பாடு, மூக்குக் குழாய் வழியாக ஊற்றும் கஞ்சி என்று எல்லாவற்றையும் அங்கேதான் பார்த்துக் கற்றேன். ஊருக்குத் திரும்பி, திண்டிவனத்தில் டாக்டர் சிவஞானம் நடத்திய சிறிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். விழுப்புரம் தனி மாவட்டமான வருஷம் அது. அந்தப் பக்கத்தில் அப்போது டயட்டீஷியன் என்றால் யாருக்கும் தெரியாது. நோயாளிகள் என்னை ‘டயட்டம்மா’ என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

டாக்டர் சர்க்கரை நோய்க்குப் பேர் போனவர். உயரமானவர், மெதுவாகப் பேசுவார். யாரையும் குண்டு என்று சொல்லி நான் கேட்டதில்லை. உடம்பைக் குறைக்க வேண்டும் என்று யாராவது வந்தால், எடை மெஷின் பக்கம் கடைசியில்தான் அனுப்புவார். அவர் அறையில் கைப்பிடி இல்லாத ஒரு மர நாற்காலி இருந்தது. அதில் உட்கார வைத்து, இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொல்வார். பிறகு இரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைச் சுருட்டி, அதில் கொஞ்சம் காற்றடித்து, கையில் கொடுத்து அமுக்கச் சொல்வார். பாதரசம் எவ்வளவு ஏறுகிறது என்பதை வைத்துப் பிடியின் பலத்தைக் கணிப்பார். என் வேலை டேப்பால் அளப்பது. தொப்புள் மட்டத்தில் இடுப்பு, மேல்கையின் நடுப்பகுதி, தொடை. மேல்கையின் பின்புறத் தோலை விரலால் கிள்ளித் தூக்கி, எவ்வளவு கொழுப்பு மடிந்து வருகிறது என்றும் பார்ப்போம். இத்தனையும் முடிந்த பிறகுதான் எடை.

நம் பேச்சில் எல்லாவற்றுக்கும் ‘சதை’ என்ற ஒரே சொல்தான். தொப்பையும் சதை, மூட்டை தூக்கும் தோளும் சதை. அதனால் சதை குறைந்தது என்றால் ஜனங்களுக்குச் சந்தோஷம். எந்தச் சதை என்று டாக்டர் கேட்பார்.

அதன் அர்த்தத்தை எனக்குப் புரிய வைத்தவர் காதர் பாய். துபாயில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து கோட்டக்குப்பத்தில் துணிக்கடை வைத்திருந்தார். எங்களிடம் முதலில் வந்தபோது தொந்தியோடு வந்தார். சில மாதம் ஆளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது சட்டை தொளதொளவென்று தொங்கியது. யாரோ சொன்னார்கள் என்று பழச்சாறும் காய்ச் சாறும் மட்டும் குடித்து எடையை இறக்கியிருந்தார். நான் பாராட்டினேன். டாக்டர் அந்த நாற்காலியைக் காட்டினார். பாய் கையைக் கட்டிக்கொண்டு முயன்றார். பாதி எழுந்து, தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். முகம் சிறுத்துப் போனது. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்தால் பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடித்துத்தான் எழ வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் சொன்னார். அளந்து பார்த்தோம். தொடையும் கையும் வற்றியிருந்தன. இடுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. கிலோ கணக்கில் போனதில் பெரும்பகுதி தசை.

அவரை மீண்டும் மீனும் முட்டையும் பருப்பும் சாப்பிட வைத்து, படியேற வைத்து, உட்கார்ந்து எழ வைத்துச் சரி செய்ய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. தோளைப் பிடிக்காமல் தொழுது எழுந்த நாளில் எங்களுக்கெல்லாம் பிரியாணி கொண்டுவந்தார். அந்தக் கல்லூரிப் பெண்களிடம் சொன்னது இந்தக் கதையைத்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

டாக்டர் பிறகு விழுப்புரத்துக்கு இடம் மாறினார். நானும் கூடவே போனேன். அஞ்சலையம்மா அங்கேதான் வந்தார்.

காணைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். புருஷன் இல்லை. பஸ் நிற்கிற இடத்தில் இட்லிக் கடை போட்டு ஒரே மகனை வளர்த்தவர். மகன் ஏழுமலை விழுப்புரம் ஜங்ஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. முகமும் காலும் வீங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன என்று சொல்லிவிட்டார்கள். வாரத்தில் இரண்டு தடவை பாண்டிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தான். மனைவி செல்வியின் ரத்த வகை சேரவில்லை. அம்மாவுடையது எல்லா விதத்திலும் பொருந்தியது. சென்னையில் மாற்று அறுவை செய்யும் ஆஸ்பத்திரியில் அஞ்சலையம்மாவைச் சோதித்துவிட்டு, எடை மிக அதிகம், சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நிற்கிறது, இந்த நிலையில் ஒரு சிறுநீரகத்தை எடுத்தால் மிஞ்சியதும் கெட்டுப்போகும், உடம்பைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

எப்படிக் குறைப்பது என்று அங்கே யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த வழி பட்டினிதான். காலையில் ஒரு டீ, ராத்திரி ஒரு டம்ளர் கஞ்சி. ஊருக்கெல்லாம் இட்லி அவித்துப் போட்டுக்கொண்டு, தான் ஒரு விள்ளல் வாயில் வைக்காமல் இருந்திருக்கிறார். பாண்டியில் மகனின் கட்டில் பக்கத்திலேயே மயங்கி விழுந்ததும், யாரோ எங்கள் பெயரைச் சொல்லி அனுப்பினார்கள்.

அவர் முதலில் சொன்னது எத்தனை கிலோ இறங்கியிருக்கிறது என்பதைத்தான். அதில் ஒரு பெருமை இருந்தது. டாக்டர் கேட்டுக்கொண்டார். நாற்காலியைக் காட்டினார். அஞ்சலையம்மாவால் அசையக்கூட முடியவில்லை. ஐம்பதைத் தாண்டாத பெண். தொடையில் விரலை வைத்தால் இட்லி மாவில் வைத்த மாதிரி உள்ளே போனது.

டாக்டர் தன் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். கடையில் வியாபாரம் படுத்தால் யாரை முதலில் நிறுத்துவீர்கள் என்று கேட்டார். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளை என்றார் அஞ்சலையம்மா. உடம்பும் அப்படித்தான், நீங்கள் பட்டினி போட்டால் வேலை இல்லாத தசையை முதலில் நிறுத்திவிடும், கொழுப்பை மூலையில் பத்திரமாக வைத்துக்கொள்ளும் என்றார். தசைக்குத் தினமும் வேலை கொடுக்க வேண்டும், அதற்கு வேண்டிய சாப்பாடும் கொடுக்க வேண்டும். அப்போதுதான் உடம்பு வேறு வழியில்லாமல் கொழுப்பை எடுத்துச் செலவு செய்யும். மெதுவாகத்தான் நடக்கும். “உங்க வயித்தைத் திறந்து எடுக்கப் போறாங்கம்மா. திறந்த காயம் ஆறணும். மறுநாளே எழுந்து நடக்கணும். வத்திப்போன உடம்போட போனா உங்களுக்கே ஆபத்து.”

பிறகு என்னிடம் ஒப்படைத்தார். இட்லிக் கடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வியாபாரம் முடிந்து மிஞ்சியதைப் போகவர வாயில் போட்டுக்கொள்வது. பட்டினிக்கு முன்னால் அவர் உடம்பு ஏறியதே அதனால்தான். முதலில் அதை நிறுத்தினேன். காலையில் அளவாக இட்லி, கெட்டிச் சாம்பார், அவித்த முட்டை. மத்தியானம் பாதிச் சோறு, கீரை, மீன் கிடைக்கிற நாளில் குழம்பில் மீன், மோர். சாயங்காலம் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை அவித்தது ஒரு கைப்பிடி அல்லது சுண்டல். ராத்திரி கேப்பை அடையும் பருப்பும். சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் முட்டை என்றதுமே தலையைக் குனிந்துகொண்டார். நான் நிறுத்தியதும் மெதுவாகச் சொன்னார்.

“எம் புள்ள ஒரு டம்ளர் தண்ணிக்கு ஏங்கிக்கினு கெடக்கான். அவன் எதிர்ல நான் எப்பிடிம்மா முட்டை துண்றது?”

டயாலிசிஸ் நோயாளிக்குத் தண்ணீர் அளவுதான். இளநீர் கூடாது, பழம் கூடாது, காயை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு ஆட்டோ ஓட்டியவன், நாக்கு உலர்ந்து ஐஸ் துண்டு ஒன்றைச் சப்பிக்கொண்டு படுத்திருந்தான். நான் அவரிடம், அவனுக்காகத்தானே நீங்கள் சாப்பிடப் போகிறீர்கள், இதை மருந்து மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தலையாட்டினார். அடுத்த முறை வந்தபோது முட்டையை மகனுக்கே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். முட்டையின் வெள்ளை அவனுக்கும் நல்லது, அவனுக்கும் கொடுங்கள், நீங்களும் சாப்பிடுங்கள் என்று விளக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு கடையின் பின்னால், மாவு அரைக்கிற கல்லோரம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாராம். மகன் பார்க்காதபடி.

உடற்பயிற்சி என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவர் கடையில் எல்லாமே உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டுகிற தூரத்தில் இருந்தன. டாக்டர் இட்லிப் பானையை எதிர்ச் சுவர் ஓரமாக மாற்றச் சொன்னார். ஒவ்வொரு தட்டுக்கும் எழுந்துபோய் எடுத்து வர வேண்டும், எழும்போது கையை ஊன்றக் கூடாது. ஆரம்பத்தில் பெஞ்சு விளிம்பைப் பிடித்துத்தான் எழுந்தார். சாப்பிட வந்தவர்கள் கேலி செய்தார்கள். பிறகு இரண்டு கையிலும் பாதிக் குடம் தண்ணீர் தூக்கி நடக்கச் சொன்னோம். அது சுலபமானதும் முக்கால் குடம், பிறகு முழுக் குடம். ஏரிக்கரை மேட்டில் ஏறி இறங்கச் சொன்னோம். ஒருநாள் பந்தயத்தில் ஜெயித்து ஓடி வந்த பிள்ளை போல மூச்சுவிடாமல் சொன்னார், “டயட்டம்மா, இன்னிக்கு பெஞ்ச புடிக்காம எந்திரிச்சிட்டேன்.” அவர் சிரித்து நான் பார்த்த முதல் தடவை அது.

அவருடன் ஏழுமலையும் சிலசமயம் வருவான். மகனுக்கும் நான்தான் உணவு சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே நாளில் இரண்டு பேரையும் அளக்க நேரும். அம்மாவின் மேல்கையில் டேப்பைச் சுற்றினால் தோலுக்கடியில் தசை உருண்டு திரண்டு நின்றது. மகனின் கையில் சுற்றினால் டேப் எலும்பைத் தொட்டது. அவனே அதைக் கவனித்தான். “எங்கிட்ட இருந்து எடுத்து அம்மாவுக்கு வக்கிறீங்களா?” என்று வேடிக்கையாகக் கேட்டான். அஞ்சலையம்மா முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டார்.

இடுப்பு மாதாமாதம் குறைந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டிலிருந்து கீழே இறங்கியது. ஆனால் எடை ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிட்டது. கொழுப்பு போகப் போகத் தசை ஏறுகிறது, அதனால் முள் நகரவில்லை. எங்களுக்கு அது நல்ல செய்தி. சென்னையில் அவர்கள் உயரத்துக்கு எடை என்ற கணக்கைத்தான் பார்த்தார்கள். டாக்டர் அங்கே ஃபோன் செய்து நீண்ட நேரம் பேசினார். அவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். இருந்தாலும் இன்னும் சில கிலோ குறையட்டும் என்றுதான் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் செல்வி தனியாக என்னைத் தேடி வந்தாள். இடுப்பில் குழந்தை. ஊரில் அவளிடம் என்னென்னவோ சொல்லியிருந்தார்கள். கிழவிக்குக் கிட்னி கொடுக்க மனசில்லை, அதனால்தான் முட்டையும் மீனுமாகத் தின்றுகொண்டு நாளைக் கடத்துகிறாள் என்று. அவள் அதை அப்படியே என்னிடம் கேட்கவில்லை.

“எத்தினி மாசங்க இன்னும்? அவரு வத்திக்கினே போறாரு. இவங்க நல்லா தெம்பாகிக்கினே வர்றாங்க. ஊர்ல பேசுறது பேஜாரா இருக்குதுங்க. நான் யார நம்புறது?”

நான் அவளிடம் எடைக்கும் கொழுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். கேட்ட பிறகும் அவள் முகத்தில் அதே கேள்விதான் இருந்தது. படித்த எனக்கே அதைப் புரிந்துகொள்ள ஒரு காதர் பாய் வேண்டியிருந்தது. புருஷன் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கும் இருபது சொச்ச வயசுப் பெண்ணுக்கு எப்படிப் புரியும்?

செல்வி வந்து போனதை அஞ்சலையம்மா எப்படியோ தெரிந்துகொண்டார். மறுவாரமே வந்து டாக்டர் எதிரில் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். ஒரே ஒரு மாதம் பழையபடி பட்டினி கிடக்கிறேன், எடை சர்ரென்று இறங்கிவிடும், சென்னைக்குப் போய்விடலாம் என்று கெஞ்சினார். டாக்டர் எழுந்துபோய், வாஷ்பேசினில் வெகுநேரம் கை கழுவினார். திரும்பி வந்து துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். நான் அவரோடு வேலை பார்த்த வருஷங்களில் அவர் அப்படித் தாமதித்துப் பார்த்ததில்லை.

“வேணாம்மா,” என்றார். “இப்ப பட்டினி கிடந்தா இத்தனை நாள் சேர்த்தது எல்லாம் போயிடும். காயம் ஆறாது. உங்க பேத்திக்கு அப்பாவும் வேணும், நீங்களும் வேணும். இன்னும் கொஞ்ச நாள்.”

நடையைக் கூட்டினோம், ராத்திரி அடையில் ஒன்றைக் குறைத்தோம், வேறெதையும் தொடவில்லை. மழைக்காலம் தொடங்குகிறபோது முள் மறுபடி இறங்க ஆரம்பித்தது. சென்னைக்கு அழைத்துப் போனார்கள். ஸ்கேன், ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். சம்மதம் சொன்னார்கள். தீபாவளி கழித்து வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். அஞ்சலையம்மா அங்கிருந்து நேராக எங்களிடம் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவு அழுத்தமாக. என் விரல்கள் வலித்தன. செல்வி பின்னால் நின்றுகொண்டு அழுதாள். டாக்டர் இருவரையும் உட்கார வைத்து டீ வாங்கிவரச் சொன்னார்.

தீபாவளிக்குச் சில நாட்கள் இருக்கும்போது, டயாலிசிஸ் முடிந்து வந்த அன்று சாயங்காலம் ஏழுமலைக்குக் குளிர் கண்டது. கழுத்தில் குழாய் போட்டிருந்த இடத்திலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். வெளியே இரண்டு நாளாக மழை. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், ஆட்டோ எதுவும் உள்ளே வர முடியவில்லை. அவனால் எழுந்து நிற்கவும் முடியவில்லை.

மற்றதைச் செல்விதான் எனக்குச் சொன்னாள். துக்கம் கேட்கப் போனபோது, வாசலில் வந்து என் அருகில் நின்றுகொண்டு, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

“ஆம்பளைங்க கட்டில தூக்கலாமான்னு பேசிக்கினு இருந்தாங்க. அத்தை ஒன்னும் பேசல. அப்பிடியே குழந்தையத் தூக்கற மாதிரி தூக்கிக்கினு தண்ணிக்குள்ள எறங்கிடுச்சு. ரோடு வரைக்கும் எங்கயும் நிக்கல. நான் கொடை புடிச்சிக்கினு பின்னாடியே ஓடுறேன், என்னால புடிக்க முடியல.” பிறகு, “நான்தாங்க அவங்கள என்னென்னமோ நெனச்சிட்டேன்” என்றாள்.

ரோட்டில் ஒரு பால் வேன் கிடைத்திருக்கிறது. பாண்டிக்குக் கொண்டு போனார்கள். அவனை அங்கே காப்பாற்ற முடியவில்லை.

துக்க வீட்டுக்கு டாக்டரும் வந்திருந்தார். கடைக்கு முன்னாலிருந்த பெஞ்சில், சாமியானாவிலிருந்து சொட்டிய தண்ணீரைக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தார். யாரோ மாலை கொடுத்தார்கள், போட்டார். திரும்பி வரும்போது காரில் நான் கேட்டுவிட்டேன். கொஞ்சம் முன்னாலேயே சென்னைக்கு அனுப்பியிருந்தால், பட்டினியே கிடக்கட்டும் என்று விட்டிருந்தால்? ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அது போய், கேட் திறந்து, கார் தண்டவாளத்தைத் தாண்டிய பிறகுதான் பதில் சொன்னார்.

“தெரியல செலின். தெரியும்னு சொன்னா அது பொய்.”

அவர் செய்தது சரி என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். வற்றிய உடம்போடு அந்த அம்மாளைக் கத்திக்கு அனுப்பியிருந்தால் இரண்டு சாவு விழுந்திருக்கலாம். அப்படி நினைக்கும்போதெல்லாம் ஏழுமலை வேடிக்கையாகக் கேட்ட கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

டாக்டர் அதன் பிறகும் பல வருஷம் நோயாளிகளைப் பார்த்தார். உடம்பைக் குறைக்க வந்தவர்களிடம் அவசரம் வேண்டாம் என்று முன்போல உறுதியாகத்தான் சொன்னார். ஆனால் யாருக்காகக் குறைக்கிறீர்கள் என்ற கேள்வியும் அவரிடம் சேர்ந்துவிட்டது. அவர் மறைந்ததும் ஆஸ்பத்திரியை மூடினார்கள். நான் வேறொரு இடத்தில் சில காலம் இருந்து ஓய்வு பெற்றேன். செல்வி ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். மாமியாரை விட்டு அவள் போகவில்லை. இட்லிக் கடை இன்னும் நடக்கிறது என்று அந்தப் பக்கம் போகிறவர்கள் சொல்கிறார்கள்.

அந்தக் கல்லூரியில் கேள்வி வந்தபோது எனக்கு முதலில் தோன்றியது காரியம் முடிந்து அஞ்சலையம்மா ஆஸ்பத்திரிக்கு வந்த நாள். நெற்றியில் திருநீறுகூட இல்லாமல், வெளுத்த புடவையில் வந்தார். உள்ளே வந்து டாக்டர் எதிரில் உட்கார்ந்தார். அழவில்லை. எதையோ தீர்மானித்துக்கொண்டு வந்தவர் போல இருந்தார். பாண்டியில் ஏழுமலைக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு காலேஜ் பெண் டயாலிசிஸ் செய்துகொள்கிறாள், அவளுக்குக் கொடுக்க வீட்டில் யாரும் இல்லை என்றார்.

“எல்லாம் பாத்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க இல்ல. அந்தப் பொண்ணுக்கு எடுத்து வச்சிடச் சொல்லுங்க சாமி.”

ரத்த வகை பொருந்த வேண்டும், அதெல்லாம் பொருந்தினாலும் சட்டப்படி நெருங்கிய உறவுக்காரர்கள்தான் கொடுக்கலாம், வெளியாள் கொடுப்பது அவ்வளவு சுலபத்தில் நடக்காது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அஞ்சலையம்மா முழுவதையும் கேட்டார்.

“ரெண்டும் பக்கத்து பக்கத்து கட்டில்ல அத்தினி மாசம் கெடந்துக்கினு இருந்துதுங்க,” என்றார். “அது உறவு இல்லீங்களா?”

டாக்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் நின்றிருந்த நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அப்ப இந்த ஒடம்ப வச்சிக்கினு நான் இன்னா பண்றது?”

டாக்டர் மேஜையிலிருந்து கண்ணை எடுத்துச் சொன்னார். “நடங்கம்மா. நேரத்துக்குச் சாப்பிடுங்க. விட்டுடாதீங்க.”

“சரிங்க” என்றார் அஞ்சலையம்மா. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பஸ் ஏற்றிவிடலாம் என்று நானும் கேட் வரை கூடப் போனேன். காணை போகும் டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூப்பிட்டார். அவர் ஏறவில்லை, சாலையோரமாக நடக்க ஆரம்பித்தார். முதுகு நிமிர்ந்து இருந்தது. கால்கள் ஒரே சீராக, மூச்சிரைப்பு இல்லாமல் போயின. நாங்கள் சொன்னபடியே நடந்தார். அடுத்த பஸ்ஸும் வந்து அவரைத் தாண்டிப் போனது.